‘செங்கல்’ பாட்டும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும்

நம் லிஃப்டில் அந்த டி-ஷர்ட்டை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் துணி. நடுவில் ஒரு முக்கோணக் கண்ணாடி. ஒரு பக்கம் வெள்ளை ஒளிக்கோடு நுழைகிறது; மறுபக்கம் வானவில்லாகப் பிரிந்து வெளியே வருகிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் போட்டிருப்பார்கள், காலை நடைக்குப் போகும் அப்பாக்களும் போட்டிருப்பார்கள். அது ‘பிங்க் ஃபிளாய்ட்’ என்ற இங்கிலாந்து இசைக்குழு 1973இல் வெளியிட்ட ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தின் அட்டைப்படம்.

அதே குழுவின் இன்னொரு பாட்டு நம் வீடுகளில் சின்னச் சண்டைகளைக் கிளப்பக்கூடியது. சுவர், செங்கல், வாத்தியார் என்று வரும் பாட்டு. ‘அனதர் பிரிக் இன் த வால், பகுதி 2’ என்பது அதன் பெயர். ‘சுவரில் இன்னொரு செங்கல்’ என்று தமிழில் சொல்லலாம். பரீட்சை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பையன் இதைச் சத்தமாக வைத்தால், அடுக்களையிலிருந்து “படிப்பே வேண்டாம்னு பாடறதெல்லாம் ஒரு பாட்டாடா?” என்று குரல் வரும். வரிகளை அப்படியே எடுத்துக்கொண்டால் அந்த அம்மா கேட்பதில் தப்பில்லை.

இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் அந்த ஒரு பாட்டின் கதையைச் சொல்கிறேன். அது படிப்புக்கு எதிரான பாட்டுதானா என்று கடைசியில் நீங்களே முடிவு செய்யுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். நல்ல வாத்தியார் ஒருவர் இல்லாமல் போயிருந்தால், இன்று நாம் கேட்கும் வடிவில் அந்தப் பாட்டு இருந்திருக்காது.

கட்டடக்கலை படிக்கப் போனவர்கள்

அடுக்குமாடியில் குடியிருக்கும் நமக்குப் பிடிக்கக்கூடிய செய்தி: பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கியவர்களில் மூன்று பேர் கட்டடக்கலை மாணவர்கள். ராஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் 1960களின் தொடக்கத்தில் லண்டன் ரீஜன்ட் தெருப் பாலிடெக்னிக்கில் சந்தித்தார்கள். வீட்டுக்கு வரைபடம் போட வேண்டியவர்கள் பாட்டுக்கு வரைபடம் போடப் போய்விட்டார்கள். வாட்டர்ஸின் ஊரான கேம்பிரிட்ஜிலிருந்து சிட் பேரட் வந்து சேர்ந்தார். ஆரம்பத்தில் குழுவின் பாட்டெழுதும் மூளை அவர்தான். அவருடைய மனநலம் குலைந்து 1968இல் அவர் விலக நேர்ந்தது. அதற்குச் சற்று முன்பே அதே ஊர்க்காரரான டேவிட் கில்மோர் கிடாருடன் உள்ளே வந்திருந்தார்.

இவர்களின் இசையைப் ‘புரோகிரசிவ் ராக்’ என்பார்கள். 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் வளர்ந்த வகை இது. யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன் போன்ற குழுக்கள் இதில் பெயர் பெற்றவை. ராக் இசையோடு மேற்கத்தியச் செவ்வியல், ஜாஸ் ஆகியவற்றின் கூறுகளைக் கலப்பார்கள். பாட்டு நீளமாகப் போகும். பிங்க் ஃபிளாய்டின் ‘எக்கோஸ்’ (1971) 23 நிமிடத்துக்கும் மேல் ஓடும். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஒரே பாட்டுதான்.

நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால், இவர்கள் ராகம் தானம் பல்லவி பாடுகிறவர்கள். துக்கடா பக்கமே திரும்ப மாட்டார்கள். அந்த நாளில் துக்கடாவுக்குச் சமமானது ‘சிங்கிள்’. ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். வானொலியில் ஓடுவதும் கடையில் விற்பனைப் பட்டியல் ஏறுவதும் அதுதான். பிங்க் ஃபிளாய்ட் 1968க்குப் பிறகு இங்கிலாந்தில் பதினோரு ஆண்டுகள் ஒரு சிங்கிள்கூட வெளியிடவில்லை. அந்த விரதம் கலைந்தது இந்தச் செங்கல் பாட்டால்தான்.

முகம் காட்டாதவர்கள்

சிங்கிளே இல்லாமல் இவர்களுக்கு எப்படி இத்தனை ரசிகர்கள்? ‘டார்க் சைட்’ ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1973 முதல் 1988 வரை 741 வாரங்கள் இருந்தது. பதினாலு வருடத்துக்கும் மேலான கணக்கு அது.

முதல் காரணம், அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயங்கள். காலம் ஓடுவது, பணம், புத்தி பேதலிப்பது, சாவு. காதல் பாட்டு கேட்டுச் சலித்த வயதிலும் இந்த விஷயங்கள் நம்மைவிட்டுப் போவதில்லை. இருபதில் கேட்டவர் ஐம்பதில் மறுபடி கேட்டால் வேறு மாதிரி உறைக்கும்.

இரண்டாவது, அவசரமின்மை. ஒரு கிடார் ஸ்வரம் நீண்டு அடங்கும்வரை அடுத்தது காத்திருக்கும். வார்த்தையே இல்லாத நீளமான பகுதிகள் நிறைய. ஆங்கிலம் சரளமாக வராதவருக்கும் அங்கே இடமுண்டு.

மூன்றாவது, அவர்கள் முகத்தை விற்கவில்லை. அட்டைப்படத்தில் மாடு இருக்கும், முக்கோணக் கண்ணாடி இருக்கும், மின்நிலையத்துக்கு மேல் பறக்கும் பன்றி இருக்கும். அந்தப் பன்றிக்குத் தனிக் கதை உண்டு. 1976 டிசம்பரில் லண்டன் பாட்டர்சீ மின்நிலையத்தில் படம் எடுக்கக் கட்டிய ராட்சதப் பலூன் பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு வானத்தில் ஏறி, விமானப் போக்குவரத்தைக் கலங்கடித்து, கடைசியில் கென்ட் பகுதிப் பண்ணை ஒன்றில் போய் இறங்கியது. படத்தில் பன்றி வரும். பாடியவர்கள் வர மாட்டார்கள். முகம் தெரியாததால் கேட்பவர் தன்னையே அந்தப் பாட்டுக்குள் வைத்துக்கொள்ள முடிந்தது.

நான்காவதாக ஒன்று உண்டு. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். வெளியாட்களின் குரலை உள்ளே கொண்டுவருவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ‘டார்க் சைட்’ ஆல்பத்தில் இடையிடையே கேட்கும் பேச்சுக்குரல்களில் ஒன்று, பதிவு நடந்த ஆபி ரோடு ஸ்டூடியோவின் வாயில்காப்பாளருடையது. அதே ஆல்பத்தில் சாவைப் பற்றிய ஒரு பகுதியில் வார்த்தையே இல்லாமல் கதறியும் கெஞ்சியும் அடங்கியும் ஒரு பெண் குரல் வரும். கிளேர் டோரி என்ற பாடகி 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடிக் கொடுத்துவிட்டுப் போனது அது. கூலி 30 பவுண்டு. அந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்ப வருவோம்.

சுவர் முளைத்த இரவு

1977 ஜூலை 6. கனடாவில் மான்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கம். நீண்ட சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி. முன்வரிசையில் சிலர் கத்திக்கொண்டே இருந்தார்கள். எரிச்சல் தாங்காமல் வாட்டர்ஸ் ரசிகர் ஒருவர்மேல் எச்சில் துப்பிவிட்டார். பிறகு தன்னை நினைத்தே அருவருத்துப் போனார். எனக்கும் கேட்க வந்தவர்களுக்கும் நடுவில் சுவர் ஒன்று நிற்கிறதே, அது எப்போது எழுந்தது என்று யோசிக்க ஆரம்பித்தார். ‘த வால்’ என்ற இரட்டை ஆல்பம் அங்கே முளைத்தது.

பிங்க் என்ற கற்பனைப் பாடகனின் வாழ்க்கைக் கதை அது. அவன்மேல் விழும் ஒவ்வொரு அடியும் அவனைச் சுற்றி எழும் சுவரில் ஒரு செங்கல். முதல் செங்கல், போரில் செத்துப்போன அப்பா. இது வாட்டர்ஸின் சொந்தக் கதை. அவர் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, 1944 பிப்ரவரியில், அவருடைய அப்பா இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இறந்தார். அடுத்த செங்கல், பிள்ளைகளை மட்டம் தட்டியே பழகிய வாத்தியார்கள். கேம்பிரிட்ஜில் தான் படித்த ஆண்கள் பள்ளியின் கசப்பை வாட்டர்ஸ் அங்கே கொட்டியிருக்கிறார். அதே பெயரில் ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் உண்டு. பகுதி 1 அப்பாவைப் பற்றியது. பகுதி 2 பள்ளிக்கூடத்தைப் பற்றியது. நாம் பேசுவது பகுதி 2.

அப்போது குழுவின் நிலைமை சரியில்லை. பணத்தை நம்பி ஒப்படைத்த முதலீட்டு நிறுவனத்தால் பெருநஷ்டம். இங்கிலாந்தில் சம்பாத்தியத்துக்கான உச்ச வருமான வரி 83 சதவீதம் வரை போன காலம் அது. ஒரு வருடம் நாட்டைவிட்டு வெளியே இருங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள். பிரான்சில் பதிவு தொடங்கி, அமெரிக்காவில் தொடர்ந்தது. நடுவில் ரிச்சர்ட் ரைட்டைக் குழுவைவிட்டே வாட்டர்ஸ் வெளியேற்றினார். தனிமையைப் பற்றிய ஆல்பத்தை எடுத்துக்கொண்டே நண்பர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் விலகிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றேகால் நிமிடப் பாட்டு

வாட்டர்ஸ் முதலில் கொண்டுவந்தபோது இந்தப் பாட்டு மெதுவாக, சோகமாக இருந்தது. ஒரு சரணம், ஒரு பல்லவி, அவ்வளவுதான். ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய கதையின் நடுவில் ஒரு சிறு இணைப்பு.

தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் கனடாக்காரர். இதில் ஒரு ‘ஹிட்’ ஒளிந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. ‘ஷிக்’ என்ற அமெரிக்கக் குழுவின் டிஸ்கோ தாளம் அவர் மனதில் இருந்தது. இந்தப் பாட்டுக்கும் அந்தத் தாளத்தைப் போடலாம் என்றார். டிஸ்கோ கிளப்புக்குப் போய்க் கேட்டுவிட்டு வா என்று கில்மோரை அனுப்பினார். கில்மோர் போனார், கேட்டார், பிடிக்கவில்லை. இருந்தாலும் வாசித்தார். தாளம் மாறியதும் பாட்டு எழுந்து நின்றுவிட்டது.

“இன்னொரு சரணம் வேண்டும், இதைச் சிங்கிளாக விடலாம்” என்றார் எஸ்ரின். நாங்கள் சிங்கிள் போடுகிற குழு இல்லை என்று பதில் வந்தது. எஸ்ரின் பின்னாளில் சொன்னபடி, குழுவினர் இல்லாத நேரத்தில் பதிவான நாடாவையே நகல் எடுத்து, ஒட்டி, பாட்டை இரண்டு மடங்காக நீட்டிவிட்டார். இப்போது இரண்டு சரணத்திலும் ஒரே வரிகள், ஒரே குரல்கள். கேட்க அலுப்பாக இருந்தது.

அங்கேதான் பிள்ளைகளின் நினைவு வந்தது. 1972இல் ஆலிஸ் கூப்பரின் பள்ளி விடுமுறைப் பாட்டு ஒன்றைத் தயாரித்தபோது எஸ்ரின் அதில் குழந்தைகளின் குரலைச் சேர்த்திருந்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றிய பாட்டில் பள்ளிப் பிள்ளைகளே பாடினால் என்ன? நாடா லண்டனுக்குப் பறந்தது. இஸ்லிங்டன் பகுதியில் பிரிட்டானியா ரோ என்ற தெருவில் குழுவுக்குச் சொந்த ஸ்டூடியோ இருந்தது. அங்கே ஒலிப்பொறியாளர் நிக் கிரிஃபித்ஸுக்கு உத்தரவு வந்தது: இரண்டு மூன்று பிள்ளைகளைப் பிடித்துப் பாட வை.

பக்கத்துப் பள்ளி

கிரிஃபித்ஸ் தொழில்முறைக் குழந்தைப் பாடகர்களைத் தேடிப் போகவில்லை. நடந்து போகிற தூரத்தில் இருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளிக்குப் போனார். சாதாரண அரசுப் பள்ளி. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் படிக்கும் இடம்.

அங்கே இசை ஆசிரியர் அலன் ரென்ஷா. வகுப்பில் உட்காரவைத்து சைக்கோவ்ஸ்கியைக் கேட்கவைப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்காதவர். பிள்ளைகளின் வாழ்க்கைக்கும் இசைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பக்கத்துத் தெருவில் உலகப் புகழ்பெற்ற குழுவின் ஸ்டூடியோ இருக்கிறது, நம் பிள்ளைகள் அதை உள்ளே போய்ப் பார்க்கட்டுமே என்று உடனே ஒப்புக்கொண்டார். இரண்டு மூன்று பேரைக் கேட்டால் அவர் 23 பேரைக் கூட்டிக்கொண்டு போனார். எல்லோரும் 13 முதல் 15 வயதுக்காரர்கள்.

பாட்டின் வரிகளைத் தலைமை ஆசிரியையிடம் அவர் முன்கூட்டியே காட்டவில்லை. காட்டியிருந்தால் அனுமதி கிடைத்திருக்காது என்று அவருக்குப் பட்டது. நம்மில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த இடம் நெருடும். நெருட வேண்டியதுதான். தனக்குப் பிறகுதான் தெரியும், அது பிடிக்கவில்லை என்று தலைமை ஆசிரியையும் பின்னாளில் சொன்னார். ஆனால் மொத்தத்தில் பார்த்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வளமான இசைக்கல்வியில் அதுவும் ஒரு பகுதி என்றும் அவரே சேர்த்துச் சொன்னார்.

ஸ்டூடியோவில் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் கத்துகிற மாதிரி, இஸ்லிங்டன் தெருப் பேச்சின் வாடையோடு பாடினார்கள். ஒரே வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு முறை பதிவு செய்தார் கிரிஃபித்ஸ். 23 பேர் ஒரு பள்ளிக்கூடமே பாடுவதுபோல ஆனார்கள். வாட்டர்ஸும் கில்மோரும் அங்கே இல்லை. அவர்கள் கடல் தாண்டி அமெரிக்காவில் இருந்தார்கள்.

நாடா திரும்பிப் போனது. எஸ்ரின் இரண்டாவது சரணத்தில் அந்தக் குரல்களைச் சேர்த்துவிட்டு வாட்டர்ஸைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். பிள்ளைகளின் குரல் வந்ததும் வாட்டர்ஸின் முகம் அப்படியே இளகிவிட்டதாக எஸ்ரின் சொல்லியிருக்கிறார். ஏன் இளகாது? அதுவரை அது முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவரின் பழைய கசப்பு. பிள்ளைகள் பாடியதும் அது இன்றைய வகுப்பறையின் குரலாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் நம்பர் ஒன்

1979 நவம்பரில் சிங்கிள் வெளியானது. இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடம். அந்த ஆண்டின் கிறிஸ்துமஸுக்கும் முதலிடம் அதற்குத்தான். 1970களின் கடைசி நம்பர் ஒன்னும் அதுவே. 1980 பிறந்தபோதும் அதே இடத்தில் இருந்தது. அமெரிக்காவில் 1980 மார்ச்சில் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் நின்றது. நீளப் பாட்டுக்காரர்கள் பழமை என்று ‘பங்க்’ இளைஞர்கள் கேலி செய்துகொண்டிருந்த காலம். “பிங்க் ஃபிளாய்டை வெறுக்கிறேன்” என்று எழுதிய டி-ஷர்ட்டைப் பங்க் பாடகர் ஒருவர் போட்டுத் திரிந்தார். அந்தச் சமயத்தில் சிங்கிளே போடாத குழுவுக்கு இரண்டு நாட்டிலும் நம்பர் ஒன் சிங்கிள்.

எதிர்ப்பும் கிளம்பியது. லண்டன் கல்வி நிர்வாகம் வரிகளைக் கேட்டு முகம் சுளித்தது. பாட்டின் ஆங்கில இலக்கணமே பிழை, இரண்டு எதிர்மறைச் சொல் சேர்ந்தால் அர்த்தம் தலைகீழாகிவிடுமே என்று இலக்கணப் பிரியர்கள் இன்றுவரை சிரிப்பதுண்டு. வாட்டர்ஸ் தரப்பு விளக்கம் எளிமையானது: எதிர்ப்பது கல்வியை அல்ல, பிள்ளையைக் கூனிக் குறுகவைத்து, யோசிக்க விடாமல் ஒரே அச்சில் வார்க்கும் முறையை.

பாட்டுக்குப் படம் எடுத்தார்கள். இஸ்லிங்டன் பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. நடிகர் சங்க அட்டை அவர்களிடம் இல்லை என்பது காரணம். வேறு பிள்ளைகள் வாயசைத்தார்கள். நாடு முழுவதும் தங்கள் குரலைக் கேட்டது. தொலைக்காட்சியில் தங்கள் முகம் இல்லை. முகம் காட்டாதது பிங்க் ஃபிளாய்டுக்கு அவர்களே தேர்ந்தெடுத்த வழி. இந்தப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

கூலியாகப் பள்ளிக்கு 1,000 பவுண்டு வந்தது. பள்ளியின் சொந்த இசையைப் பதிவு செய்ய ஸ்டூடியோ நேரமும் கிடைத்தது. பிள்ளைகளுக்கு இசைத்தட்டும் கச்சேரி டிக்கெட்டும். ராயல்டி பற்றி எந்த ஒப்பந்தமும் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் தடை

பாட்டு எழுதியவர் நினைக்காத ஊர்களுக்கும் போகும். 1980இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி. வெள்ளையர் பிள்ளைக்குச் செலவழிப்பதில் சிறு பங்கைத்தான் கறுப்பினப் பிள்ளையின் படிப்புக்கு அரசு செலவழித்தது. நான்கு வருடங்களுக்கு முன்பு, 1976 ஜூனில், பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் மொழியைத் திணித்ததை எதிர்த்து சோவேட்டோவில் ஊர்வலம் போன மாணவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்திருந்தது. 1980 ஏப்ரலில் மறுபடி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். கேப் டவுன் பகுதியில் தொடங்கிப் பரவிய அந்தப் போராட்டத்தில் இந்தப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். மே மாதம் அரசு பாட்டையும் ஆல்பத்தையும் தடை செய்தது.

அந்தப் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டார்கள், பாடப்புத்தகம் கேட்டார்கள், வெள்ளையருக்குக் கிடைக்கும் அதே கல்வியைக் கேட்டார்கள். கல்வி வேண்டாம் என்று ஒலிக்கும் பாட்டைப் பாடியே நல்ல கல்வியைக் கேட்டார்கள். அடுக்களையிலிருந்து வந்த அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

வந்து சேர்ந்த கணக்கு

குழுவின் கதை இன்னும் நீண்டது. 1980–81இல் மேடையில் சுமார் 12 மீட்டர் உயர அட்டைச் செங்கல் சுவரைப் பாட்டோடு பாட்டாக எழுப்பி, கடைசியில் இடித்துத் தள்ளினார்கள். செலவு தாங்காமல் நான்கே ஊர்களில் அந்த நிகழ்ச்சி நின்றுபோனது. குழுவைவிட்டு நீக்கப்பட்டு, சம்பளத்துக்கு வாசிக்க வந்த ரிச்சர்ட் ரைட் ஒருவர்தான் அதில் லாபம் பார்த்தார். மற்ற மூவரும் நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1982இல் ஆலன் பார்க்கர் இயக்கத்தில் சினிமா வந்தது. பெர்லின் சுவர் விழுந்த அடுத்த ஆண்டு, 1990 ஜூலை 21 அன்று, அந்தச் சுவர் நின்ற பொட்ஸ்டாமர் பிளாட்ஸ் திடலில் வாட்டர்ஸ் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் முன்னால் ‘த வால்’ முழுவதையும் நிகழ்த்தினார்.

அந்த 23 பேர்? வளர்ந்து, வேலைக்குப் போய், ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். ரென்ஷா ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார்.

பாட்டில் இரண்டு விதமான உரிமை உண்டு. எழுதியவருக்கு ஒன்று, பாடி வாசித்தவருக்கு இன்னொன்று. 1996இல் பிரிட்டனின் பதிப்புரிமைச் சட்டம் மாறியபோது, பதிவான பாட்டு ஒலிபரப்பானால் அதில் பாடியவர்களுக்கும் பங்கு உண்டு என்ற நிலை வந்தது. வானொலியில் ஓயாமல் ஓடிய இந்தப் பாட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் யார் அந்தப் பிள்ளைகள்? ராயல்டி முகவர் ஒருவர், பழைய பள்ளி நண்பர்களைத் தேடித்தரும் இணையதளம் உட்பட எல்லா வழியிலும் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். 2004இல் கலைஞர்களுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் அமைப்பில் அவர்கள் மனு கொடுத்தார்கள். பாடி இருபத்தைந்து வருடம் கழித்து உரிமை கைக்கு வந்தது.

அதே 2004இல்தான், 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போன கிளேர் டோரியும் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் தன்னிச்சையாகப் பாடியதுதான் அந்த மெட்டு. எழுதிக் கொடுத்து அவர் பாடியது அல்ல. 2005இல் சமரசம் ஏற்பட்டது. இன்று அந்தப் பாட்டை உருவாக்கியவர்களின் வரிசையில் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது.

ஒரு எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செங்கல் பாட்டின் கிடார் தனி வாசிப்புக்குக் கில்மோர் பயன்படுத்திய 1955ஆம் ஆண்டு கிப்சன் கிடார் 2019 ஏலத்தில் 4,47,000 டாலருக்குப் போனது. அந்த ஏலப் பணம் முழுவதையும் சுற்றுச்சூழல் காக்கும் அறப்பணிக்குக் கில்மோர் கொடுத்துவிட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கிடாருக்கு முன்னால், அதே பாட்டில், 23 தொண்டைகள் வருகின்றன. மொத்தமாக 1,000 பவுண்டு.

இனி கேட்கும்போது

இஸ்லிங்டன் கிரீன் பள்ளி இன்று அந்தப் பெயரில் இல்லை. 2008இல் அது வேறு பெயரில் அகாடமியாகிவிட்டது. பாட்டு இருக்கிறது.

இன்று இரவு ஒருமுறை போட்டுக் கேளுங்கள். சத்தம் அளவாக இருக்கட்டும். பக்கத்து ஃபிளாட்டில் யாருக்காவது நாளை பரீட்சை இருக்கலாம். முதல் சரணம் பெரியவர்கள் இருவர் சேர்ந்து பாடுவது. குரலில் கசப்பு இருக்கும், கொஞ்சம் களைப்பும் இருக்கும். பிறகு அதே வரிகள், அதே மெட்டு, பிள்ளைகள் நுழைகிறார்கள். பாட்டின் உடம்பே மாறிவிடும். அது முடிந்ததும் கிடார், அப்புறம் ஒரு வாத்தியார் அதட்டும் குரல். நடுவில் வரும் அந்த இரண்டாவது சரணத்தைத்தான் ரென்ஷா என்ற வேறொரு வாத்தியார் பள்ளி கேட்டைத் திறந்து அனுப்பி வைத்தார். கத்துகிற வாத்தியாரின் பெயர் பாட்டில் இல்லை. கூட்டிக்கொண்டு போன வாத்தியாரின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள், நம் கலைக்குழுவுக்கு. அடுத்த ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது காணொளியின் முடிவில் ‘குழந்தைகள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், பின்வரிசையில் நின்ற கடைசிப் பிள்ளைவரை ஒவ்வொருவர் பெயரையும் போடுவோம். இரண்டு வரி கூடும். இருபத்தைந்து வருடம் கழித்து யாரும் யாரையும் தேட வேண்டியிருக்காது.